ஸஹ்ராவியின் சுரண்டியும் உமிழ்நீர்ச் சோதனையும்

மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி நம்மவர் நிரம்பவே எழுதியுள்ளனர். துலக்கியும் நீங்காத பற்காரையைப் பற்றி எழுதிய குர்துபா மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியை (936–1013) நாம் அந்த அளவுக்கு நினைவுகூர்வதில்லை.

அவருடைய 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகள் கொண்டது. அறுவை மருத்துவத்துக்குரிய இறுதிப் பகுதியில், பற்களின் உள்ளும் புறமும் ஈறுகளுக்கு இடையிலும் சொரசொரப்பான செதில்கள் படிந்து, கறுத்தோ மஞ்சளித்தோ பச்சை பூத்தோ நிற்பதையும், அக்கேடு ஈறுகளைப் பற்றுவதையும் விளக்குகிறார். நோயாளியை முன்னே அமர்த்தி, தலையை மடியில் சாய்த்து, செதில் எஞ்சாதவரை சுரண்ட வேண்டும். ஒரு நாளில் முடியாவிடில் மறுநாளும் தொடர வேண்டும் என்பது அவர் முறை. அதற்கென 14 வகைச் சுரண்டிகளை வரைந்தும் காட்டினார். உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, பல்லிடைக்கு வேறொன்று. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்த பின் ஐரோப்பிய மருத்துவரும் இதனைக் கற்றனர்.

எனினும் ஸஹ்ராவி கண்டது கண்ணுக்குத் தெரிந்த காரையை. ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றி, ஈறுக்கு அடியில் எலும்பை அரித்து வளர்வது. பல்லழுக்கில் நுண்ணுயிர்கள் நெளிவதை லேவன்ஹூக் 1683இல் எழுதிய மடலில்தான் உலகம் முதன்முதல் அறிந்தது. இன்று பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளவுகோல் செருகி ஈறின் ஆழத்தை அளக்கிறார். நம்பத்தக்க முறைதான், ஆனால் மருத்துவரை நாடி வருவோருக்கே அது கிட்டும். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் கடும் ஈறு நோய்க்கு ஆளாகியுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது.

உமிழ்நீர்ச் சோதனையின் தேவை இங்கேதான் எழுகிறது. ஈறு அழலும்போது வெள்ளணுக்கள் எம்.எம்.பி.-8 என்னும் நொதியை வெளியிடுகின்றன. ஈறையும் எலும்பையும் பிணைக்கும் கொலாஜன் நாரை அது சிதைக்கிறது. வாய் கொப்பளித்த நீரில் இந்நொதியின் செயல்படும் வடிவம் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமை எட்டினால் சோதனைப் பட்டையில் இரண்டாம் கோடு தோன்றும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இதில் பெரும்பங்குண்டு. குருதியின் சுவடு தேடும் சோதனைகளும் உள்ளன.

இதையும் ஸஹ்ராவி அன்றே சொல்லிவிட்டார் என்றெழுத நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கலாம். அவர் சொல்லவில்லை, சொன்னதாகக் கூறுவது அவருக்குப் பெருமையும் அன்று. அவர் செய்தது வேறு. எந்தப் பல்லில் கேடு என்பதை உமிழ்நீர் காட்டாது. கோடு தோன்றியவர் அளவுகோலிடமே செல்ல வேண்டும். பின்னர் காரையை அகற்ற வேண்டும். அதிர்வுக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்திலும் பல் மருத்துவரின் தட்டில் கைச் சுரண்டிகள் வெவ்வேறு வளைவுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.