உடற்பருமனில் இன்சுலின் உணர்திறனை அளத்தல்

குறிப்பிட்ட அளவு இன்சுலின் இருக்கும்போது உடல் எவ்வளவு குளுக்கோஸைச் செலவிடுகிறது என்பதே இன்சுலின் உணர்திறன். 1936இல் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் நீரிழிவு நோயாளிகளை இன்சுலினுக்கு மசிபவர், மசியாதவர் என இரு வகையாகப் பிரித்தார். இரத்த இன்சுலினை நுட்பமாக அளக்க யாலோ, பெர்சன் இருவரும் 1960இல் வழிகண்ட பின்னரே, பருமனானவர்களுக்கு இன்சுலின் குறைவில்லை, மிகுதியாகவே சுரக்கிறது என்பது விளங்கியது.

கிளாம்ப் முறையே உரைகல்லாகக் கருதப்படுகிறது. ரூபின் ஆண்ட்ரெஸ் உருவாக்கிய இம்முறையை 1979இல் டிஃப்ரான்சோ, டோபின் ஆகியோருடன் சேர்ந்து அவர் விரிவாக வெளியிட்டார். வெறும் வயிற்றில் இருப்பவருக்கு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 40 மில்லியலகு என்ற கணக்கில் சுமார் 2 மணி நேரம் இன்சுலின் ஏற்றுவது வழக்கம். சர்க்கரை இறங்கிவிடாதபடி குளுக்கோஸும் ஏற்றப்படும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து, டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் அளவில் நிற்கும்படி குளுக்கோஸ் ஏற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். சர்க்கரை நிலைபெற்றபின் எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ அதுவே விடை. அதிகம் தேவைப்பட்டால் உணர்திறன் அதிகம்.

பருமனில் சிக்கல் வருவது இந்த விடையை எடையால் வகுப்பதில். கிளாம்பின்போது குளுக்கோஸில் பெரும்பங்கை எலும்புத்தசைகளே எடுத்துக்கொள்கின்றன. கொழுப்புத் திசு எடுப்பது சொற்பம். கற்பனையாக ஒரு கணக்கு: கொழுப்பு நீங்கிய எடை 65 கிலோ உள்ள 120 கிலோக்காரர் நிமிடத்துக்கு 390 மில்லிகிராம் செலவிடுகிறார். மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு 3.25, கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்தால் 6. கொழுப்பு நீங்கிய எடை 55 கிலோ உள்ள 70 கிலோக்காரர் 385 மில்லிகிராம் செலவிட்டால், முறையே 5.5, 7. முதல் கணக்கில் பெரும்பள்ளமாகத் தெரிந்தது இரண்டாவதில் சிறு மேடுபள்ளமாகிறது. எதனால் வகுத்தார்கள் என்று சொல்லாத ஆய்வு முடிவை ஐயத்தோடு படிப்பதே நல்லது.

கிளாம்ப் ஆய்வுக்கூடத்துக்கானது. மருத்துவமனைக்கும் பெரிய கணக்கெடுப்புகளுக்கும் 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஹோமா சூத்திரம் போதும்: வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். 90 சர்க்கரைக்கு 18 மைக்ரோ அலகு இன்சுலின் என்றால் 4. எண் ஏற ஏற இன்சுலின் எதிர்ப்பு அதிகம், அதாவது உணர்திறன் குறைவு. ஆனால் இது பெரிதும் கல்லீரலின் போக்கைத்தான் காட்டுகிறது, தசையின் போக்கை அல்ல. மேலும், பருமனில் கல்லீரல் இன்சுலினை அகற்றும் வேகமும் குறைகிறது. ஆகவே உயர்ந்த ஹோமா எண்ணில் எதிர்ப்பு எவ்வளவு, தேக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இன்சுலினை அளக்கும் கருவிகளும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால், உலகெங்கும் பொருந்தும் ஒரே எல்லைக்கோடு இதற்கு இல்லை.