பொய்ப்பெயர் பூண்ட அச்சுக்கூடம்

அச்சிட்ட நூலொன்றைக் கையில் எடுப்போர் அதன் தலைப்பைப் படிப்பர். ஆசிரியர் பெயரைப் படிப்பர். எங்கே அச்சிடப்பட்டது என்று கூறும் சிறிய வரியைப் பெரும்பாலும் நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அந்த ஒரு வரிக்காகவே அச்சக உரிமையாளர் அஞ்சி நடுங்கிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது.

அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் குறிக்கப்படல் வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டமோ பிணைத்தொகை கேட்டது. அரசுக்கு ஒவ்வாதன வெளிவரின் அத்தொகையைப் பறிமுதல் செய்யவும், மீண்டும் வெளிவரின் அச்சுப்பொறியையே கைப்பற்றவும் அது வழி வகுத்தது. சென்னையில் 1906இல் தோன்றிய 'இந்தியா' இதழ், அதன் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் 1908இல் சிறைப்பட்டபின், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. பாரதியாரும் அங்கே சென்றார். ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் இதழ் வருவது தடுக்கப்படவே, 1910இல் அதுவும் நின்றது.

வெளிப்படையாகப் பேசிய ஏடுகளின் வாய் அடைபட்டபோது, மறைவில் அச்சான சிறு வெளியீடுகள் கைமாறத் தொடங்கின. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் நடைபெற ஐந்து நாட்களே இருந்தன. அம்மன்னரை எதிர்த்தே இச்செயல் என்பதை வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் உணர்த்திற்று.

தொடர்ந்து நடந்த சோதனைகளில் தமிழ்த் துண்டுநூல்கள் இரண்டு சிக்கின. ஒன்று ஆரியருக்கு அறிவுரை கூறுவது. ஆரியர் என்பது இந்நாட்டாரைக் குறிக்க அக்காலத்தில் பலர் வழங்கிய சொல். மற்றொன்று அபிநவ பாரத சமாஜத்தில் சேர்வோர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. அச்சகத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'பரங்கியரை அழிக்கும் அச்சுக்கூடம்' எனப் பொருள்படும் பெயர் காணப்பட்டது. சட்டம் கேட்ட வரி அங்கே இருந்தது. சட்டம் தேடிய ஆள் அதில் இல்லை! அவ்வரியே ஆட்சிக்கு விடுத்த அறைகூவலாயிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி ஏழாண்டுச் சிறை பெற்றார்.

கொலையை நாம் போற்ற வேண்டுவதில்லை. சனாதன தர்மத்தின் பெயரால் பேசிய வாஞ்சியின் கடிதம் முழுவதையும் இன்றைய மக்களாட்சி உள்ளம் ஏற்றுக்கொள்ளவும் இயலாது. எனினும், மன்னனை எதிர்த்து ஒரு தாள் அச்சாவதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்தது என்பதை மறத்தல் தகாது.

அத்துணிவின் விலையை நாம் வாழும் இத்தீவே அறியும். மராத்திப் பாடல்கள் அடங்கிய சிறு நூலை வெளியிட்டமைக்காகக் கணேச தாமோதர சாவர்க்கர் 1909இல் வாழ்நாள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. ஈய எழுத்துகளைப் படைக்கலம் என்றே ஆட்சி கருதியது போலும்! அலகாபாத்தில் வெளிவந்த 'ஸ்வராஜ்ய' இதழின் ஆசிரியர் சிலரும் எழுதிய குற்றத்திற்காக இங்குக் கொண்டுவரப்பட்டனர். நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட செல்லுலார் சிறை, கொலைக் கைதிகளோடு எழுத்தாளரையும் அடைத்து வைத்தது.

ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் உறவினரை நாம் அச்சிறைக்கு அழைத்துச் செல்கிறோம். கல்லில் பொறித்த பெயர்களை நம் மக்களுக்குப் படித்துக் காட்டுகிறோம். ஆனால், இரவோடிரவாக எழுத்துக் கோத்தவர், மை தடவியவர், தாள் மடித்தவர் ஆகியோர் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. தம் பெயரை மறைத்துக்கொள்வதே அவர்கள் ஏற்ற பணியாய் இருந்தது. இன்று நம் சங்க மலர் அச்சகத்தின் பெயரைத் தாங்கி அச்சமின்றி வெளிவருகிறது. இதனைப் புரட்டும் இளையோர் அப்பெயரறியாத் தொழிலாளரையும் ஒரு கணம் நினைப்பாராக!