செவியும் சிகிச்சையும்

கொங்கு நாட்டில் குழந்தைக்குக் காது குத்துவது குடும்பத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. சூலூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவர். இதன் பயன் யாதென வினவினால், காதில் உடல் முழுவதற்கும் உரிய புள்ளிகள் உள்ளன. முன்னோர் அதை அறிந்தே துளையிட்டனர் என்று இன்று சிலர் விடை கூறுகின்றனர். இக்கூற்றில் பழமை எவ்வளவு, புதுமை எவ்வளவு?

பழமையை முதலில் காண்போம். குழந்தையின் காதைக் காப்பின் பொருட்டும் அணியின் பொருட்டும் துளைக்கலாம் என்கிறது சுசுருத சங்கிதை. குடலிறக்க நோய்க்குக் காதின் அருகேயுள்ள குருதிக் குழாயைக் குத்துமாறும் அந்நூல் சொல்கிறது. ஆயினும், காதின் இன்ன இடம் உடலின் இன்ன உறுப்புக்கு உரியது என்னும் படம் அதில் இல்லை.

அப்படம் பிறந்த இடம் பிரான்சு நாட்டு லியோன் நகரம். 1950ஆம் ஆண்டையொட்டி, பால் நோழியே என்னும் மருத்துவர் தம் நோயாளிகள் சிலரின் காதில் சூட்டுத் தழும்பைக் கண்டார். இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் வலிக்காக, மருத்துவப் பட்டம் பெறாத பெண்மணி ஒருவர் இட்ட சூடு அது. வலி தணிந்ததாக அவர்கள் கூறினர். நோழியே ஆராய்ந்தார். கருவறையில் தலைகீழாகக் கிடக்கும் சிசுவைப் போலக் காதில் உறுப்புகளின் இடங்கள் அமைந்துள்ளன என்றார். கீழ்மடல் தலைக்கு உரியது, உள்மேடு முதுகெலும்புக்கு உரியது என வகுத்தார். 1957இல் அவர் கருத்து செருமானிய இதழொன்றில் வெளிவந்தது. விரைவில் சீனரும் அதனைத் தம் மருத்துவத்தோடு இணைத்துக்கொண்டனர். 1990இல் உலகச் சுகாதார நிறுவனம் அதே லியோன் நகரில் கூடிக் காதுப் புள்ளிகளின் பெயர்களை ஒழுங்குபடுத்த முற்பட்டது. அப்புள்ளிகளில் ஊசி குத்தாமல் விரலாலோ, ஒட்டிவைத்த சிறு விதையாலோ அழுத்துவதே காது அழுத்தச் சிகிச்சை.

இதனால் பயன் உண்டா? மூளையிலிருந்து இதயத்திற்கும் வயிற்றிற்கும் செல்லும் வேகசு நரம்பின் கிளையொன்று காதிலும் பரவியுள்ளது. காதுத் துளையைத் தொட்டால் சிலருக்கு இருமல் வருவது அதனாலேயே. வலியையும் அறுவைக்கு முந்திய அச்சத்தையும் இச்சிகிச்சை ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உறுப்பு என்னும் படம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே இது துணைமருத்துவமே. மருத்துவத்திற்கு மாற்று அன்று. மார்வலி கண்டவர் காதை அழுத்திக்கொண்டு காலந்தாழ்த்தினால் உயிருக்கே கேடு.

மாணவ நண்பர்களே! உறவினரை ஒன்றுகூட்டும் காதணி விழாவுக்குப் பெருமை சேர்க்க லியோன் நகரத்துப் படம் தேவையில்லை. அப்படத்திற்கும் நம் வழக்கத்தின் வயது உரியதன்று. பழமை என்று ஒன்றைச் சொல்லக் கேட்டால், ஆண்டு யாது, சான்று யாது என்று வினவுங்கள். வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.