வளைகுடாத் தமிழ் மன்றங்களில் குரல் ஏற்ற இறக்கம்

1924இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கத்திற்கு வளைகுடா நாடுகளில் தமிழிலேயே கூடும் மன்றங்களும் உண்டு. பத்துப் பயிற்சிகள் கொண்ட அதன் பழைய கையேட்டில் ஆறாவது பயிற்சி குரல் வேறுபாட்டிற்குரியது. தொடரின் இறுதியில் குரல் உயர்ந்தால் ஐயமும் தாழ்ந்தால் உறுதியும் புலப்படும் என்பது ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் பெருவழக்கான அறிவுரை. அது தமிழுக்கு எவ்வளவு பொருந்தும்?

ஓசை பொருளை மாற்றும் என்பதைத் தொல்காப்பியப் புணரியலே சுட்டுகிறது. உரையாசிரியர் காட்டும் 'செம்பொன்பதின்றொடி', பிரித்திசைக்கும் இடத்திற்கேற்பச் செம்பாகவும் பொன்னாகவும் மாறும். எடையும் ஒன்பதிலிருந்து பத்தாகும். வணிகருக்கு இது சிறு வேறுபாடன்று.

ஆங்கிலத்தில் குரலுயர்வு மட்டுமே கூற்றை வினாவாக்கிவிடும். தமிழில் அப்பணியைப் பெரிதும் ஆகார ஈறு செய்வதால், குரல் சற்று உயர்வதால் பெருங்கேடில்லை. இடர் வேறிடத்தில் உள்ளது. தமிழ்த் தொடரின் காலமும் உடன்பாடும் எதிர்மறையும் பெரும்பாலும் கடைசிச் சொல்லான முற்றுவினையில் அமைகின்றன. எச்சங்களை அடுக்கி வந்தவர் மூச்சு முடியும் இடமும் அதுவே. குரலைத் தாழ்த்தச் சொன்னால் அவர் ஒலியளவையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார். 'ஏற்கிறோம்', 'ஏற்கவில்லை' இரண்டும் பின்வரிசைக்கு ஒன்றாகின்றன. சுருதி தாழலாம், ஒலியளவு தாழலாகாது.

துபாய் அலுவலகத்தில் பகலெல்லாம் ஆங்கிலம் பேசுபவருக்கு இக்குறை புலப்படுவதில்லை. அம்மொழியில் எதிர்மறை முன்னரே வந்துவிடுகிறது. இறுதி தேய்ந்தாலும் கருத்துப் போய்ச் சேரும். மாலையில் தமிழ் மன்றத்தில் அதே பழக்கம் அவர் மறுத்ததையே மறைத்துவிடுகிறது.