கண்டி அரசின் அடுக்கமைப்பும் தற்சுழற்சி நெறியும்

கண்டி இராச்சியத்தின் ஆட்சியமைப்பை, அரசனில் தொடங்கிக் குடியானவனில் முடியும் ஓர் ஏணியாகக் கருதுவோர் உளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. 1955 முதல் 1960 வரை பேராதனையில் கற்பித்த மானிடவியலறிஞர் எஸ். ஜே. தம்பையா, தென்கிழக்காசிய அரசுகளை ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட நூலில், மையத்தின் அமைப்பே சுற்றுப்புறங்களிலும் சிறிய அளவில் மீள அமைந்திருந்தது என விளக்கினார். கண்டியும் அத்தகையதே. திசாவையின் மாளிகை அரசவையின் சிறு வடிவமாகும். திசாவனியுள் கோறளை, கோறளையுள் பற்று, பற்றினுள் கிராமம் என்பன அடங்கின.

இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய தரவுகளைக் கணினி கையாளும் நெறியே தற்சுழற்சி எனப்படும். ஜோன் மக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரை அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. ஒரு பட்டியலின் உறுப்பை நோக்குக. அது தனியுறுப்பாயின் எண்ணுக. அதுவும் பட்டியலாயின், இதே விதியை அதன்மீதும் செலுத்துக. இவ்வளவே அதன் சாரம்.

கண்டியின் இராசகாரிய ஊழியத்தைக் கணக்கிட முயல்வோர்க்கு இந்நெறியின் தேவை புலனாகும். அடுக்குகளின் ஆழம் எங்கும் ஒத்ததன்று. தலைநகரை அண்டிய உடுநுவர, யட்டிநுவர முதலியன திசாவைகளுக்கு உட்படாது, ரட்டே மகாத்தயா என்போரின் பொறுப்பில் இருந்தன. கபடாகம என்னும் அரச கிராமங்களும், நிந்தகம் என்னும் மானியக் கிராமங்களும், விகாரை, தேவாலயக் கிராமங்களும் வெவ்வேறு நிலைகளில் அமைந்தன. நான்கு படிகள் எனக் கொண்டு எண்ணுவோர் சிலவற்றைத் தவறவிடுவர். தற்சுழற்சியோ ஆழத்தை முன்கூட்டி அறிய வேண்டியதில்லை. நிற்குமிடம் ஒன்றே வேண்டும். இன்றேல் அது முடிவின்றிச் சுழலும். கண்டியில் அந்நிற்குமிடம், ஊழியக் கடப்பாடு பிணைந்திருந்த நிலப்பங்காகும்.

இவ்வுண்மையை மறந்ததன் விளைவைப் பிற்கால வரலாறு காட்டுகிறது. 1815இல் கண்டியைப் பெற்ற ஆங்கிலேயர், கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியத்தை ஒழித்தனர். 1833இல் தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். எனினும் ஒழிந்தது அரசுக்குரிய ஊழியமே. விகாரை, தேவாலய, நிந்தகம் நிலங்களின் ஊழியம் உள்ளடுக்குகளில் நிலைத்தது. அதனை ஒழுங்குபடுத்த 1870இல் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. மேலடுக்கை மட்டும் திருத்தியவர், உள்ளே அதே வடிவம் மீள நிற்பதை நோக்கத் தவறினர். கணினிக்கு விதி வகுப்போரும் வரலாறு எழுதுவோரும் ஒருங்கே மனங்கொள்ளத்தக்க பாடம் இஃதாகும்.