குவாய் ஆற்று மரப்பாலமும் தமிழில் பொறித்த கல்லும்

தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் இரும்புப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அருகிலேயே முதலில் ஒரு மரப்பாலம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942-இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையைத் தொடங்கியது. 1943 அக்டோபரில் அது முடிந்தது. பாதையில் அமைந்த பாலங்களில் பெரும்பாலானவை காட்டு மரங்களை வெட்டிக் கட்டியவை. தா மக்காமில் மரப்பாலம் 1943 பிப்ரவரியில் தயாரானது. சில மாதங்களில் அதன் பக்கத்தில் இரும்புப் பாலம் எழுந்தது. இவ்விரண்டையும் கட்டியவர்களில் பெரும்பாலோர் நேச நாட்டுப் போர்க்கைதிகள். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் இரண்டின் மீதும் குண்டு வீசின. இரும்புப் பாலம் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ரயிலைத் தாங்குகிறது. மரப்பாலம் நிலைக்கவில்லை.

பாதையின் மற்றப் பகுதிகளில் மண் வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், மரம் சுமந்தவர்கள் யார்? பெரும்பாலும் மலாயா, பர்மா, ஜாவா மக்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் அதிகமானோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத காலம் அது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் போனார்கள். ஆள் பிடித்து லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலராவும் மலேரியாவும் பட்டினியும் முகாம் முகாமாக உயிர்களைக் கொண்டுபோயின. போர்க்கைதிகளுக்காவது தங்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அந்த ஆதரவும் இல்லை.

இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் அதிகம். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் உண்டு. ஆசியத் தொழிலாளர்களின் இறப்போ அதைப் போலப் பல மடங்கு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை, தனிக் கல்லறையும் இல்லை.

பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. போர் முடியும் முன்பே, 1944-இல், பாதையில் இறந்தவர்களுக்காக ஜப்பானிய இராணுவமே அதை எழுப்பியது. அங்குள்ள பல மொழிக் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. உயிரை வாங்கியவர்களே அஞ்சலியும் செலுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தமிழ் எழுத்து ஒரு சாட்சி. தமிழர்கள் அங்கே இருந்தார்கள், அங்கேயே மாண்டார்கள் என்பதை அது மறுக்க இடமில்லாமல் சொல்கிறது.

1957-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் பாலத்தை உலகப் புகழ் பெறச் செய்தது. அதன் கதை கைதிகளின் கதை; தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. மலேசியாவிலும் தமிழகத்திலும் இருந்து கிடைத்த ஆதரவோடு 2023-இல்தான் காஞ்சனாபுரியின் தாவோன் வராராம் ஆலய வளாகத்தில் இத்தமிழர்களுக்கென ஒரு நடுகல் எழுந்தது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் பழைய மரபு. அந்தக் கல் வந்து சேர எண்பது ஆண்டுகள் ஆயின.

சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு இன்னும் பல மலேசியக் குடும்பங்களில் உண்டு. அந்தப் பெயரையும் அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் கல் மட்டுமே மிஞ்சும்.