ஞாயிற்றின் அமைதியும் தாது வருடப் பஞ்சமும்

ஞாயிற்றின் முகத்திலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொருமுறை பெருகியும் அருகியும் வருவன. அவை அருகிய காலத்தை ஞாயிற்றின் அமைதிக் காலம் எனலாம். இவ்வமைதி வெறுந் தோற்றமன்று. 2008ஆம் ஆண்டில் 260க்கு மேற்பட்ட நாட்கள் ஞாயிறு புள்ளியின்றி விளங்கியது. அக்காலத்தே அதன் புறவூதாக் கதிர்வீச்சுத் தணிந்தமையாற் பூமியின் மேல்வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கிற்று. செய்மதிகளின் மீதான வளியின் தடை குறைந்தது. ஞாயிற்றின் காந்தப்புலம் நலிந்தமையால் அண்டக் கதிர்கள் கோள்களிடை வெளியினுள் மிகுதியாக நுழைந்தன. எனினும், புள்ளிச் சுழற்சியால் ஞாயிற்றின் மொத்த ஒளியாற்றலில் நேரும் வேறுபாடு 0.1 வீதமளவே. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர மனங்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செல்வாக்குப் பெற்ற கருத்தொன்றை நாம் இங்கு நோக்குவோம். பஞ்சத்துக்கு ஞாயிறே காரணம் என்பது அக்கருத்து.

இதன் தொடக்கத்தை வில்லியம் ஹேர்ஷலிடம் காணலாம். புள்ளிகள் அருகிய காலங்களிற் கோதுமை விலை உயர்ந்ததென்று 1801இல் அவர் வாதிட்டார். விலைத் தரவுகளை அடம் ஸ்மித்தின் நூலிலிருந்தே பெற்றார். 1870களிற் பொருளியலறிஞர் ஜெவொன்ஸ் ஒருபடி மேலே சென்று, வணிக நெருக்கடிகளையும் புள்ளிச் சுழற்சியோடு பிணைத்தார். இந்திய விளைச்சல் குன்றினால் ஆங்கிலேயப் பண்டங்களின் விற்பனை சரியும் என்பது அவர் கண்ட இணைப்பு. மார்க்சின் ‘மூலதனம்’ முதற்றொகுதி 1867இலேயே வெளிவந்திருந்தது. முதலாளித்துவ உற்பத்தியின் உள்ளே தேடவேண்டிய காரணத்தைப் பதினைந்து கோடி கிலோமீற்றருக்கு அப்பால் தேடியமை தற்செயலானதென நாம் கருதவில்லை.

இக்கருத்தின் உண்மையான பயன்பாடு தென்னிந்தியாவிலேதான் வெளிப்பட்டது. 1876இல் மழை பொய்த்தது. தமிழர் ‘தாது வருடப் பஞ்சம்’ என நினைவுகொள்ளும் பேரழிவு தொடங்கிற்று. ஞாயிறும் அப்போது அமைதியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இந்திய அரசின் புள்ளிவிபரத் தலைமை அதிகாரியான டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னையின் மழைப் பதிவுகளை ஆராய்ந்து, புள்ளி குறைந்த ஆண்டுகளே வறட்சி ஆண்டுகளென்றார். வானியலறிஞர் லொக்யரும் அவரும் 1877இற் கூட்டாகக் கட்டுரையும் வரைந்தனர். ஹண்டரின் நோக்கம் தீயதெனல் பொருந்தாது. பஞ்சத்தை முன்னறிந்தால் முன்னேற்பாடு செய்யலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு.

ஆனால், மழையின்மை வேறு, பஞ்சம் வேறு. 1877இலே நிவாரண வேலைத்தலங்களில் உழைத்த ஒருவனுக்கு றிச்சட் ரெம்பிள் விதித்த கூலி ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே. அதே காலத்திற் கோதுமை இந்தியத் துறைமுகங்களிலிருந்து பிரித்தானியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரும் கோலாகலமாக நடந்தேறியது. இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரென மதிப்பிடப்படுகின்றது. எஞ்சியோரிற் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் மலையகத்தில் வாழ்கின்றனர்.

இலக்கிய மாணாக்கர் என்றவகையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். அரசன் முறை தவறினால் மழை தவறும் என்பது பழந்தமிழர் நம்பிக்கை. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்திலும் அது இடம்பெறுகின்றது. பௌதிகவியல் நோக்கில் அது பிழை. ஆயினும் அந்நம்பிக்கை பஞ்சத்தின் பொறுப்பை ஆள்வோன் தலையிற் சுமத்திற்று. ஞாயிற்றுக் கோட்பாடோ, விஞ்ஞானத்தின் மொழியைப் பேசியவாறே, அப்பொறுப்பை ஆள்வோனிடமிருந்து இறக்கி வானத்திலேற்றியது. நிலவுடைமைக் காலத்து அறவியல் கேட்ட வினாவைக் குடியேற்றவாத ஆட்சியின் புள்ளிவிபரவியல் கேளாது விட்டது.

பின்னர் நிகழ்ந்ததும் கவனத்துக்குரியது. 1904 முதல் இந்திய வானிலை ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கில்பேட் வோக்கர், புள்ளிகளுக்கும் மழைக்கும் வலுவான தொடர்பைக் காணவில்லை. மாறாக, பசுபிக், இந்து சமுத்திரங்களிடையே வளியமுக்கம் மாறிமாறி உயர்ந்து தாழும் ஊசலை அவர் கண்டறிந்தார். 1877இன் வறட்சியைப் பசுபிக்கின் வெப்பமேற்றத்தோடு, அதாவது எல் நினோவோடு, இன்றைய ஆய்வாளர் இணைக்கின்றனர். மழையையும் ஞாயிற்றையும் தொடர்புபடுத்தும் ஆவலே கொடைக்கானல் ஞாயிற்று ஆய்வுநிலையம் 1899இல் அமைவதற்கும் ஒரு தூண்டுதலாயிற்று. அங்கு பஞ்சத்தை முன்னறியும் வழி கிட்டவில்லை. 1909இற் புள்ளிகளினுள்ளே வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவெர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான்.